சால்மன் சுடணுமா? மசாலாவ பூசாதீங்க, மேல போடுங்க: அடுப்படி கேள்வி பதில்

தீபாவளி கிட்ட வந்திருச்சி, கோலாலம்பூர்லயும் சிங்கப்பூர்லயும் வேல பாக்குற பிள்ளைங்க வீட்டுக்கு வரப்போறாங்க, வரும்போது கையில சால்மனும் வாங்கியாறாங்க, அப்புறம் அம்மாமாருங்க அத எப்படி சுடுறதுன்னு எனக்கு எழுதுறாங்க. அதனால இந்த மாசம் மத்த கேள்விய எல்லாம் ஒதுக்கி வச்சிட்டேன், முழுக்க சால்மன்தான்.

அக்கா, வீட்டுக்காரர் ஈப்போவுல இருந்து நல்ல சால்மன் துண்டு வாங்கியாந்தாரு. மீன் மசாலா, மிளகாத்தூள், தயிர் எல்லாம் போட்டு ராத்திரி முழுக்க ஊற வச்சி மறுநாள் கரியில சுட்டேன். மேல கருகிப்போச்சி, உள்ள வேகவே இல்ல, தோல் கம்பியிலயே ஒட்டிக்கிச்சி. இவ்ளோ வெல குடுத்து வாங்குன மீனு, மனசு கேக்கல. எப்படி சுட்டா நல்லா வரும்?
*வாசகி, சுங்கை சிப்புட்*

தங்கச்சி, காரணம் அந்த மசாலாதான். தோட்டத்துல வளந்த நமக்கு மீனுன்னா மசாலா தடவி ஊற வைக்கணும், தெங்கிரிக்கும் பாவாலுக்கும் அது சரியான பழக்கம்தான், ஏன்னா அதுல கொழுப்பு கம்மி, நாம எண்ணெயில போட்டு பொரிக்கிறோம், மசாலாதான் ருசி குடுக்கணும். சால்மன் அப்படி இல்லம்மா. பண்ணையில வளக்குற அட்லாண்டிக் சால்மன்ல 100 கிராமுக்கு கிட்டத்தட்ட 13 கிராம் கொழுப்பு இருக்கு. தணல் மேல வச்ச கொஞ்ச நேரத்துல அந்த கொழுப்பு உருகி கீழ சொட்டும், சொட்டுன எடத்துல தீ எழும்பும், தீ எழும்புனா மொதல்ல கருகுறது தூள் மசாலாதான், அந்த கருகல் வாசம் வந்ததும் நாம பயந்து மீன எடுத்துருவோம், உள்ள அப்பதான் சூடே ஏற ஆரம்பிச்சிருக்கும். தயிரும் ராத்திரி முழுக்க வேணாம், புளிப்பு ரொம்ப நேரம் பட்டா மேல் சதை தீ படாமலேயே வெளுத்து மாவா போயிரும், ஈரமா கொழகொழன்னு இருக்குற மேல்பாகம்தான் கம்பியில நல்லா ஒட்டும்.

அதனால நான் சொல்றது ஒன்னே ஒன்னு, காரம் புளிப்பு வாசம் எல்லாத்தையும் சுட்டு எடுத்த பெறகு மேல போடுங்க. சுடுறதுக்கு முன்னாடி உப்பு போதும்.

இப்ப மீனுக்கு வருவோம். வாங்கும்போதே தோலோட வாங்குங்க, செதில எடுத்து குடுக்க சொல்லுங்க, துண்டு 2.5 செ.மீ. தடிப்பு இருந்தா சுடுறதுக்கு சௌகரியம், வாலுப்பக்கம் மெல்லிசா இருக்கும், அது சீக்கிரம் காஞ்சிரும், அத கொழம்புக்கு வச்சிக்குங்க. வீட்டுக்கு வந்ததும் சதை மேல வெரல வச்சி தடவி பாருங்க, நடுவுல வரிசையா குத்துற மாதிரி சின்ன முள்ளு இருக்கும், புருவம் எடுக்குற இடுக்கியால அது சாஞ்சிருக்குற பக்கமாவே இழுத்தா சதை கிழியாம வந்துரும். வீட்டுல பெரியவங்க, சின்ன புள்ளைங்க இருந்தா இத விட்டுராதீங்க.

அடுத்தது உப்புத்தண்ணி. ஒரு கப் தண்ணிக்கு 1 மேசைக்கரண்டி உப்பு போட்டு கரைச்சி, மீனு முங்குற அளவுக்கு ஊத்தி 10 நிமிஷம் வைங்க, அதுக்கு மேல வேணாம். எடுத்து டிஷ்யூவால ஒத்தி ஒத்தி நல்லா ஈரத்த எடுங்க, முக்கியமா தோலுப்பக்கம். நேரம் இருந்தா மூடாம ஐஸ்பெட்டியில அரை மணி நேரம் வச்சா தோல் இன்னும் காயும், காஞ்ச தோல்தான் மொறுமொறுன்னு வரும். சுடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி மீனு மேல எண்ணெய் தடவுங்க. நெறைய பேரு கம்பி மேல எண்ணெய் ஊத்துறாங்க, அது கரியில விழுந்து புகையாதான் போகும், கம்பிய சூடா இருக்கும்போதே பிரஷ் போட்டு தேச்சி சுத்தமா வச்சிக்கிட்டா போதும்.

கரிய பத்த வச்சி ஒடனே மீன வைக்காதீங்க, கரி மேல சாம்பல் பூத்து வெள்ளையா வரணும், அதுக்கு 20 இல்ல 30 நிமிஷம் ஆகும். பெறகு கரிய எல்லாம் ஒரு பக்கமா தள்ளி விடுங்க, ஒரு பக்கம் நல்ல சூடு, இன்னொரு பக்கம் கரியே இல்லாம காலி. கம்பிக்கு மேல ஒரு சாண் ஒசரத்துல உள்ளங்கைய காட்டுனா 3, 4 செகண்டுல கைய எடுக்கத்தோணணும், அதுதான் சூடு. தோலுப்பக்கம் கீழ இருக்குற மாதிரி வச்சிட்டு கைய கட்டிக்கிட்டு நில்லுங்க. தூக்கி தூக்கி பாத்தா கண்டிப்பா பிஞ்சிரும், தோலு நல்லா செவந்ததும் கம்பி தானா விட்டுரும், ஓரத்த லேசா தூக்கி பாக்கும்போது ஒட்டுனா இன்னும் ஒரு நிமிஷம் விடுங்க. தீ எழும்புனா தண்ணி தெளிக்க வேணாம், சாம்பல் பறந்து மீனு மேல உக்காந்துக்கும், மீன காலியா இருக்குற பக்கம் நகத்தி வச்சா தீ தானா அடங்கும். 2.5 செ.மீ. துண்டுக்கு தோலுப்பக்கம் 5, 6 நிமிஷம், திருப்பிப்போட்டு 2 நிமிஷம், ரெண்டும் சேத்து 7, 8 நிமிஷம் ஆகும், கரியோட சூட்ட பொறுத்து முன்ன பின்ன இருக்கும். சதையோட பக்கவாட்டுல பாருங்க, கண்ணாடி மாதிரி இருந்த நெறம் கீழ இருந்து மேல கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துக்கிட்டு ஏறும், முக்கால்வாசி ஏறுனதும் திருப்புங்க. எடுத்து தட்டுல வச்சி 3 நிமிஷம் தொடாதீங்க, உள்ள இருக்குற சூடு மிச்சத்த வேக வச்சிரும்.

இப்ப மேல போடுறது. இதுக்கு ஆட்டுக்கல்லு வேணாம், நம்ம ஊரு சந்தையில கெடைக்கிற சாமான்தான். சின்ன வெங்காயம் 8, சிலி பாடி (குட்டி கார மிளகா) 3 இல்ல 4, பூங்கா காந்தான் (வாசமான இஞ்சி வகை பூ) பாதி மொட்டு, செராய் (எலுமிச்சைப்புல்) ஒரு தண்டுல அடிப்பக்கத்து வெள்ளை பாகம் மட்டும், எல்லாத்தையும் எவ்ளோ மெல்லிசா முடியுமோ அவ்ளோ மெல்லிசா அரிஞ்சிக்குங்க, செராய் தடிப்பா இருந்தா வாயில நாரு நாரா மாட்டும். உப்பு அரை டீஸ்பூன், சீனி ஒரு சிட்டிகை போட்டு கையால லேசா பெசஞ்சி 10 நிமிஷம் வச்சா வெங்காயம் தண்ணி விட்டு காரம் அடங்கிரும். தேங்கா எண்ணெய் 2 மேசைக்கரண்டி காய வச்சி ஒரு கொத்து கறிவேப்பிலைய பொரிச்சி, அந்த எண்ணெயோட சேத்து இதுல கொட்டுங்க. மீனு தட்டுக்கு வந்த பெறகுதான் லிமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை மாதிரி புளிப்பு பழம்) 5, 6 பழத்த பிழியணும், முன்னாடியே பிழிஞ்சி வச்சா அந்த வாசம் போயிரும். மொறுமொறு தோலு மேல போட்டு அத நனைச்சிராம, தோலு கீழ இருக்குற மாதிரி மீன வச்சி சதை மேல அள்ளிப்போடுங்க.

இது ஏன் இவ்ளோ பொருந்துதுன்னா, சால்மனோட கொழுப்பு நாக்குல படிஞ்சிக்கிட்டே இருக்கும், ரெண்டு வாய் தின்னதும் தெகட்டிரும், அந்த புளிப்பும் பச்சை காரமும்தான் அத வெட்டி அடுத்த வாய்க்கு எடம் குடுக்கும். பூங்கா காந்தான் வாசம் ரொம்ப நேரம் சூடு பட்டா அடங்கிரும், அத மசாலாவோட அரைச்சி தணல்ல வச்சா வீணாதான் போகும், வெந்த மீனோட சூடு மட்டும் படும்போது அது எழும்புற எழுச்சிய நீங்களே பாருங்க. வெள்ளை சோறு, ஒரு ரசம், இந்த மீனு, வேற ஒன்னும் வேணாம்.

வீட்டுல சின்ன புள்ளைங்க காரம் தின்ன மாட்டாங்க. அவங்களுக்கு மேல என்ன போடலாம்? கிச்சாப் மானிஸ் (இனிப்பு சோயா சாஸ்) தடவி சுடலாமா?
*வாசகி, நிபோங் திபால்*

வெண்ணெய் 2 மேசைக்கரண்டி உருக்கி, தட்டுன பூண்டு 3 பல்லு, கறிவேப்பிலை, இடிச்ச மிளகு கொஞ்சமா போட்டு பூண்டு செவக்கறதுக்கு முன்னாடி எறக்கி ஊத்துங்க, புள்ளைங்க சோத்துல பெசஞ்சி தின்னும். கிச்சாப் மானிஸ்ல சர்க்கரை அதிகம்மா, ஆரம்பத்துலயே தடவுனா கருகி கசக்கும், கடைசி ஒரு நிமிஷத்துல இஞ்சி சாறு கலந்து பிரஷ்ஷால ஒரு தடவ தடவுனா பளபளன்னு வரும். அப்படி தடவுறதா இருந்தா உப்புத்தண்ணியில போடாதீங்க, உப்பு ஏறிப்போகும்.

எங்க வீட்டு பின்னால பழைய ரப்பர் மரக்கட்டை நெறைய கெடக்கு, பக்கத்துல இருக்குற பர்னிச்சர் பேக்டரியில வெட்டுன துண்டு கட்டையும் சும்மாவே குடுக்குறாங்க. அதுல சுடலாமா, இல்ல கரிதான் வாங்கணுமா அக்கா?
*வாசகர், பீடோர்*

தம்பி, நல்லவேள கேட்டீங்க. பேக்டரி கட்டைய சமையலுக்கு பக்கத்துலயே கொண்டு போகாதீங்க. ரப்பர் மரத்த பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் புடிக்கும், அதனால அறுத்த ஒடனே போரான் சேந்த மருந்துல ஊற வச்சிதான் பலகையாக்குறாங்க, அது போதாதுன்னு துண்டுல பசை, வார்னிஷ் எல்லாம் ஒட்டியிருக்கும். அந்த புகை மீனுல ஏறும், நீங்களும் மூச்சுல இழுப்பீங்க. சும்மா கெடைக்குதேன்னு எடுத்துட்டு வர்றவங்க நம்ம பக்கம் நெறைய பேரு இருக்காங்க, அவங்ககிட்டயும் சொல்லுங்க.

வீட்டு பின்னால இருக்குற கட்டை வேற கதை. பெயிண்ட் படாம, உளுத்துப்போகாம, நல்லா காஞ்சிருந்தா தாராளமா எரிக்கலாம், நம்ம தாத்தா பாட்டி காலத்துல லயத்து வீட்டு அடுப்பெல்லாம் அதுலதான எரிஞ்சிச்சி. ஆனா எரியிற வெறகு மேல மீன வைக்காதீங்க, அது முழுசா எரிஞ்சி தணலானதும் வைங்க, சால்மன் கொழுப்பு பச்சை புகைய நல்லா புடிச்சிக்கும், அப்புறம் புகை ருசிதான் நிக்கும்.

எனக்கு புடிச்சது பாக்காவ் (அலையாத்தி மரம்) கரிதான், வாங்குறதா இருந்தா அத வாங்குங்க. தைப்பிங் பக்கத்துல கோல செப்பெத்தாங்ல சுடுறாங்க, மாத்தாங் சதுப்பு நில காட்டுல இருந்து வர்ற மரம், 40,000 ஹெக்டருக்கு மேல உள்ள காடு, 30 வருஷத்துக்கு ஒரு சுத்துன்னு கணக்கு வச்சி வெட்டி திரும்ப வளக்குறாங்க, நூறு வருஷத்துக்கு மேல இப்படி நிர்வாகம் பண்ற காடு ஒலகத்துலயே அபூர்வம், அது நம்ம பேராக்குல இருக்குறது எனக்கு பெரும. அந்த கரி கெட்டியா இருக்கும், புகை கம்மி, சூடு ரொம்ப நேரம் நிக்கும். மண்ணெண்ணெய் ஊத்தி பத்த வைக்கிற பழக்கத்த மட்டும் விட்டுருங்க, காஞ்ச தேங்கா மட்டையும் பழைய பேப்பரும் போதும்.

நாங்க இருக்குறது பிளாட்டு, கரி மூட்ட எடம் இல்ல. ஏர் பிரையர்ல வருமா?
*வாசகி, சுங்கை பட்டாணி*

வரும். 200 டிகிரியில மொதல்ல சூடாக்கிட்டு, தோலு மேல பாக்குற மாதிரி வச்சி 8 இல்ல 9 நிமிஷம், 7 நிமிஷத்துலயே ஒரு தடவ தொறந்து பாருங்க, ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு மாதிரி. கேஸ் அடுப்புன்னா கனமான இரும்பு தோசைக்கல்லு ரொம்ப நல்லது, தோலு கீழ வச்சி மொத அரை நிமிஷம் கரண்டியால லேசா அமுத்தி புடிங்க, இல்லன்னா தோலு சுருங்கி வளைஞ்சிக்கும். கரி வாசம் வராதுதான், ஆனா மேல போடுறது அதேதான், அந்த பூங்கா காந்தான் எல்லா கொறையையும் மூடிரும். வாழ இலையில மடிச்சும் பண்ணலாம், எலைய மொதல்ல தீயில வாட்டிக்கணும், ஆனா அது ஆவியில வேகுறதுதான், மொறுமொறு தோலு எதிர்பாக்காதீங்க.

சால்மன் வேகும்போது வெள்ளையா என்னமோ கசியுது, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. எங்க மாமியார் இது ஊசி போட்ட மீனு, நெறமும் சாயம்தான்னு சொல்லி தொட மாட்டேங்குறாங்க. உண்மையா?
*வாசகி, கோல சிலாங்கூர்*

அந்த வெள்ளை மீனோட சொந்த புரதம்மா, ஊசி இல்ல. சூட்டுல சதை இறுகும்போது உள்ள இருக்குற புரதம் வெளிய வந்து மேல உறையுது, அவ்ளோதான், தின்னலாம். ரொம்ப அதிகமா கசிஞ்சா சூடு கூடிப்போச்சி, இல்ல ரொம்ப நேரம் வச்சிட்டீங்கன்னு அர்த்தம். மேல சொன்ன உப்புத்தண்ணி 10 நிமிஷம் இருக்கே, அதுல போட்டா இந்த கசிவும் நல்லாவே கொறையும்.

நெறத்த பத்தி மாமியார்கிட்ட பக்குவமா சொல்லுங்க, அவங்க சந்தேகத்துல பாதி நியாயம் இருக்கு. பண்ணையில வளக்காம தானா வளர்ற சால்மன் கடல்ல எறா, கிரில் மாதிரி சின்ன உயிருங்கள தின்னுது, அதுல இருக்குற அஸ்டாக்சாந்தின்ங்குற சத்துதான் அந்த செம்மஞ்சள் நெறம். பண்ணை மீனுக்கு அதே அஸ்டாக்சாந்தின தீனியில கலந்து குடுக்குறாங்க, அது இல்லன்னா சதை வெளிறிப்போயிருக்கும். வெட்டுன மீனு மேல சாயம் பூசுறது இல்ல. நம்ம ஊருக்கு வர்ற பச்சை சால்மன்ல நெறைய நோர்வேயில இருந்து ஐஸ்ல வச்சி பிளேன்ல வருது, அங்க 1970 வாக்குல கடல்ல கூண்டு கட்டி வளக்க ஆரம்பிச்சாங்க, நம்ம கடல் சூட்டுல இந்த மீனு நிக்காது. நெறத்த பாத்து வாங்குறத விட, வெரலால அமுத்துனா பள்ளம் திரும்ப மேல வருதான்னு பாருங்க, மோந்து பாத்தா கடல் வாசம்தான் வரணும், கவுச்சி வாடை வரக்கூடாது.

ஐஸ் கட்டுன மீனு காத்து புகாத பிளாஸ்டிக் பாக்கெட்ல வந்தா, ஐஸ்பெட்டியோட கீழ்த்தட்டுல ராத்திரி வச்சி எளக விடுங்க, அதுக்கு முன்னாடி பாக்கெட்ட கத்திரிச்சி தொறந்துருங்க. காத்தே இல்லாத எடத்துல வளர்ற விஷக்கிருமி ஒன்னு இருக்கு, தொறந்து வச்சா அதுக்கு வாய்ப்பில்ல. மேசை மேல வச்சி எளக விடுற பழக்கம் நம்ம சூட்டுக்கு ஆகவே ஆகாது.

மருமக முழுகாம இருக்கா, 70 வயசு தாண்டுன எங்க அத்தையும் கூட இருக்காங்க. நடுவுல லேசா வேகாம இருந்தாதான் சால்மன் ருசின்னு மகன் சொல்றான். குடுக்கலாமா?
*வாசகி, தாப்பா*

மகன் அவனுக்கு எப்படி வேணுமோ அப்படி தின்னட்டும், இவங்க ரெண்டு பேருக்கும் வேணாம். கடையில ருசிக்காக 52, 55 டிகிரியிலயே எடுத்துருவாங்க, சதை வெண்ணெயா இருக்கும், ஆனா முழுகாம இருக்குறவங்க, வயசானவங்க, சின்ன புள்ளைங்க, ஒடம்புல எதிர்ப்பு சக்தி கம்மியானவங்களுக்கு நடுப்பகுதி 63 டிகிரிக்கு வரணும். மீனுக்குள்ள குத்தி பாக்குற தெர்மாமீட்டர் ஒன்னு வாங்கி வைங்க, இப்ப வெலை அதிகமில்ல, கோழிக்கும் ஆட்டுக்கும் அதே ஒதவும். அது இல்லன்னா முள்ளு கரண்டிய நடுவுல விட்டு திருப்புங்க, சதை இதழ் இதழா பிரியணும், நடுவுல கண்ணாடி நெறம் இருக்கக்கூடாது.

மருமகளுக்கு பச்சையா திங்கிற சாஷிமி, வேக வைக்காம புகை போட்ட சால்மன் ரெண்டுமே குழந்தை பொறக்குற வரைக்கும் வேணாம்னு சொல்லிருங்க. மத்தபடி நல்லா வெந்த சால்மன் அவளுக்கு நல்லதுதான், பாதரசம் கம்மியா இருக்குற மீனுல இதுவும் ஒன்னு, வாரத்துல ரெண்டு வேள தாராளமா குடுங்க, குழந்தையோட மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா 3 இதுல நெறைய. பயந்துக்கிட்டு மீனே குடுக்காம இருக்குற வீடுகள பாக்குறேன், அது அந்த புள்ளைக்கு நஷ்டம்.

சால்மன் வாங்குற அளவுக்கு எங்களுக்கு கட்டுப்படி ஆகாது அக்கா. அதே மாதிரி கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனுல பண்ண முடியுமா?
*வாசகி, தெலுக் இந்தான்*

ஏன் முடியாது? தாராளமா பண்ணுங்க. கெம்போங்லயும் ஒமேகா 3 இருக்கு, சுட்டா அதோட எண்ணெய் வாசமே தனி. முழு மீனா வாங்கி, கொடல எடுத்து, ரெண்டு பக்கமும் முள்ளு வரைக்கும் 3 கீறு போட்டு, உப்பு மட்டும் தேச்சி 15 நிமிஷம் வச்சி ஈரத்த ஒத்தி எடுத்துட்டு தணல்ல வைங்க, பக்கத்துக்கு 4 நிமிஷம். வயித்துக்குள்ள ஒரு செராய் தண்ட நசுக்கி வைங்க. மேல அதே வெங்காயம், பூங்கா காந்தான், கஸ்தூரி பழம். சால்மனுக்கு இது சரியா வர்றதே கெம்போங்குக்கு ஏற்கனவே சரியா வந்ததாலதான்.

இன்னொரு வழியும் இருக்கு. சால்மன் தலைய தனியா விக்கிறாங்க, துண்டு மீன விட ரொம்ப மலிவு, நெறைய பேரு கறிக்கு மட்டும்தான் வாங்குறாங்க. செவுள எடுத்துட்டு ரெண்டா பொளந்து குடுக்க சொல்லுங்க. உப்பு போட்டு, வெட்டுன பக்கம் மேல இருக்குற மாதிரி கரி இல்லாத பக்கத்துல வச்சி, மூடி போட்டு 20 நிமிஷம் வாட்டி, கடைசியில நேரா தணலுக்கு மேல கொண்டாந்து செவக்க விடுங்க. கன்னத்து சதையும் கழுத்தோரத்து சதையும் இருக்கே, முழு மீனுல அதுக்கு ஈடான எடம் கெடையாது. கையால பிச்சி திங்கணும், அவ்ளோதான்.

சுட்ட மீனு மிச்சமானா மறுநாள் சூடு பண்ணா கவுச்சி அடிக்குது. என்ன செய்யிறது?
*வாசகர், பாகான் செராய்*

திரும்ப சூடு பண்ணாதீங்க அண்ணே, அந்த கொழுப்பு மறுபடி சூடாகும்போதுதான் வாசம் அடிக்குது. சாப்பிட்டு முடிச்சதும் ஒரு மணி நேரத்துக்குள்ள மூடி ஐஸ்பெட்டியில வைங்க, நம்ம வெயிலுக்கு மேசையிலயே மத்தியானம் வரைக்கும் கெடக்கக்கூடாது. மறுநாள் காலையில ஜில்லுன்னே உதிர்த்து, வெங்காயம், பச்ச மிளகா, கஸ்தூரி பழச்சாறு, துருவுன தேங்கா சேத்து பெசஞ்சி, பசியாறும்போது சூடா தோசைக்கு வச்சி குடுங்க. மேல போட்ட வெங்காய கலவை மிச்சமிருந்தா அதையும் இதுலயே கொட்டிரலாம். 3 நாளுக்கு மேல வச்சிக்காதீங்க.

முழுகாம இருக்குறவங்களுக்கும் வயசானவங்களுக்கும் மட்டும் இந்த ஜில்லு மீனு வேணாம், அவங்களுக்கு அன்னன்னைக்கு சுட்டத அன்னைக்கே குடுத்துருங்க.